பாறையில் முடவாட்டுக்கால்: பார்க்கவும் பதிவு செய்யவும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொல்லிமலைக்குப் போய் வந்தவர்கள் முடவாட்டுக்கால் கிழங்கைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். சோளக்காடு சந்தையிலும் ஆகாய கங்கைக்கு இறங்கும் வழியிலும் சாக்கு விரித்துக் குவித்து வைத்திருப்பார்கள்; பக்கத்திலேயே 'சைவ ஆட்டுக்கால் சூப்' கொதித்துக்கொண்டிருக்கும். கிழங்கைத் தெரிந்த அளவுக்கு அந்தச் செடியைத் தெரிந்தவர்கள் குறைவு. அது ஒரு பெரணி. பூக்காது, காய்க்காது, விதை கிடையாது. செங்குத்துப் பாறையிலும் பழைய மரங்களிலும் தொற்றி வளர்வது. நாம் கிழங்கு என்று காசு கொடுத்து வாங்குவது, பாறைமேல் படர்ந்து ஓடும் அதன் தண்டு.

தாவரவியல் பெயர் டிரைனேரியா குவெர்சிஃபோலியா. இப்போது பலர் இதை அக்லவோமார்ஃபா குவெர்சிஃபோலியா என்று எழுதுகிறார்கள். எந்தப் பட்டியலில் தேடினாலும் இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள். ஒன்றில் கிடைக்காதது மற்றதில் கிடைக்கும்.

செடி பார்க்கும் பழக்கத்தை இப்போதுதான் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'இது அழிந்துகொண்டிருக்கும் செடியா?' என்று கேட்டதும் எல்லோரும் இணையப் பட்டியலைத் திறக்கிறார்கள். பட்டியல் வேண்டியதுதான், ஆனால் அது பாதி விடை. மீதிப் பாதி பாறையில் இருக்கிறது. பாறையிடமிருந்து அதை எப்படி வாங்குவது என்பதைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன். கொல்லிமலையை உதாரணமாக வைத்திருக்கிறேன். ஏற்காடு, பச்சைமலை என்று உங்களுக்குப் பக்கத்து மலை எதுவானாலும் முறை இதுவே.

1. போகும் காலம்

பங்குனி, சித்திரையில் போனால் செத்த செடியைப் பார்த்துவிட்டு வருவீர்கள். அது சாவதில்லை. பச்சை இலையின் மடல்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, நடு நரம்பு மட்டும் மொட்டைக் குச்சியாகப் பாறையில் நீட்டிக்கொண்டிருக்கும். கோடையை அது கழிக்கும் விதம் அப்படி. மழை பிடித்ததும் தண்டின் நுனியிலிருந்து புது இலைகள் சுருள் அவிழ்ந்து வரும். கொல்லிமலைக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆவணி முதல் மார்கழி வரை எப்போது போனாலும் செடி முழு உருவில் இருக்கும். ஐப்பசி அடைமழையில் மட்டும் வேண்டாம். காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் மூடுபனி இறங்கினால் பாறையும் தெரியாது, பாதையும் தெரியாது.

இன்னொரு யோசனை: முடிந்தால் ஒரே பாறையைக் கோடையில் ஒரு தடவையும் மழைக்குப் பின் ஒரு தடவையும் பாருங்கள். கோடையில் இலை இல்லாததால் தண்டு எங்கெல்லாம் ஓடுகிறது, எங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்பது வெட்டவெளிச்சமாகத் தெரியும்.

2. கையில் என்ன, நிற்பது எங்கே

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், பைனாகுலர், அளவு நாடா, நோட்டு, பென்சில், போன். கயிறு வேண்டாம். பாறையில் ஏறவே வேண்டாம். அடிவாரத்தில் நின்று பைனாகுலரில் பார்ப்பதே இந்த வேலைக்குப் போதும். வேல்ஸ் நாட்டின் ஸ்னோடன் மலையில் தாவரம் பார்க்க வருபவர்களுக்கு வழிகாட்டியாக இருந்த வில்லியம் வில்லியம்ஸ், பாறைப் பெரணி ஒன்றைத் தேடிப்போய் 1861-ல் விழுந்து இறந்தார். அந்தப் பாறைகளை நன்றாக அறிந்தவர் அவர்.

நம் மலைகளில் விழுவதைவிடப் பெரிய ஆபத்து தேனீ. பாறைப் புடவுகளின் கூரையில் மலைத்தேனீ அடை தொங்கும். முடவாட்டுக்கால் படரும் பாறையும் அது கூடு கட்டும் பாறையும் பல சமயம் ஒன்றுதான். முதலில் பைனாகுலரை உயர்த்தி அடை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பாறையை விட்டுவிடுங்கள். சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள்.

சாலையோரப் பாறை, கோயில் வழி, படிக்கட்டு ஓரம் இவற்றைப் பார்க்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி தேவை. அங்கிருந்து ஒரு இலையை எடுத்தாலும் தமிழ்நாடு வனச் சட்டம், 1882 குறுக்கே வரும். அனுமதி வாங்கும் அலைச்சல் முதல் பயணத்துக்குத் தேவையில்லை. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் தொடங்கி ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிக்கட்டிலேயே காய்ந்த பாறை, கசியும் பாறை, அருவிச் சாரல் படும் பாறை மூன்றும் அடுத்தடுத்து வந்துவிடும்.

3. அடையாளம் காண்பது

இந்தச் செடிக்கு இரண்டு விதமான இலை. இதைப் பிடித்துக்கொண்டால் வேறெதனோடும் குழப்பம் வராது.

ஒன்று பச்சை இலை. காம்பு உண்டு, ஒரு மீட்டர் வரைகூட நீளும், நடு நரம்பை நெருங்கும் அளவுக்கு ஆழமாக மடல் மடலாகப் பிளந்திருக்கும், தொட்டால் தோல் மாதிரி தடிப்பு. உணவு தயாரிப்பதும், விதைக்குப் பதிலாகப் பெரணி காற்றில் விடும் தூசி போன்ற ஸ்போரை உண்டாக்குவதும் இதன் வேலை. முற்றிய இலையைத் திருப்பி லென்ஸ் வையுங்கள். பக்க நரம்புகளுக்கு இடையே பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன வட்டப் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். அவைதான் ஸ்போர்ப் பைகளின் கூட்டம். பூச்சி முட்டை என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள்.

மற்றது கூட்டிலை. பச்சை இலையைவிட மிகக் குட்டை, காம்பில்லை, ஓரம் அலை அலையாக வெட்டுப்பட்டது. வந்த புதிதில் பச்சையாக இருந்து சீக்கிரமே பழுப்பாகி விறைத்துவிடும், ஆனால் உதிராது. அடிப்பக்கம் பாறையோடு ஒட்டி, மேல்வாய் திறந்து நிற்கும். மேலிருந்து விழும் சருகு, தூசி, எறும்பு கொண்டுவந்து போடும் குப்பை எல்லாம் அதில் சேர்ந்து மக்கும். செடியின் வேர்கள் அந்த மக்குக்குள் புகுந்திருக்கும். மண்ணே இல்லாத பாறையில் தனக்கு வேண்டிய மண்ணைத் தானே சேர்த்துக்கொள்கிறது. பல வருடம் ஆன கூட்டிலையில் சதை மக்கிப்போய் நரம்பு வலை மட்டும் நிற்கும். அப்போதும் சருகைப் பிடித்து வைத்திருக்கும்.

மூன்றாவதாகத் தண்டு. பெருவிரல் தடிமன் அல்லது அதற்கு மேல், பழுப்பு நிறச் செதில் மயிர் அடர்ந்திருக்கும். வளரும் நுனியில் மயிர் வெளிர்ந்து, புதிதாகப் பளபளக்கும். இந்த நுனியை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதே பாறையில் அக்கம்பக்கத்துப் பெரணிகளையும் தெரிந்துகொள்வது நல்லது. விரல் நீளத்தில் விசிறியாக விரிந்து நிற்பது மயில்சிகை; வெயிலில் சுருண்டு கருகியது போலக் கிடந்து, மழை பட்டதும் விரிந்துகொள்ளும். இலையின் அடியில் வெள்ளை மாவு பூசியது போல இருப்பவை வெள்ளிப் பெரணிகள். புறங்கையில் வைத்து அழுத்தினால் இலை அப்படியே வெள்ளை அச்சாக விழும், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். (சாலை வெட்டிய மண்சரிவுகளில் அடர்ந்து நிற்கும் வெள்ளிப் பெரணி பெரும்பாலும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து பரவிய வகை. அதைப் பார்த்துவிட்டு 'பெரணி செழிப்பாக இருக்கிறது' என்று எழுதிவிட வேண்டாம்.) கருப்புக் கம்பி போன்ற காம்போடு மெல்லிய இலை ஆடினால் அது அடியாண்டம் இனம், அது நிற்கும் இடத்தில் நீர்க்கசிவு இருக்கிறது என்று அர்த்தம்.

4. பாறையைப் படிப்பது

புதியவர்கள் அவசரமாகக் கடந்து போகும் இடம் இது. செடியைப் படம் எடுத்தாயிற்று, கிளம்பலாம் என்று தோன்றும். இருங்கள்.

கொல்லிமலையின் அடித்தளம் சார்னோகைட் என்னும் கடினப் பாறை. அது தண்ணீரை உறிஞ்சாது. மழைநீர் வெடிப்புகளில் இறங்கி, வேறெங்கோ கசிவாக வெளிவரும். அதனால் ஒரே பாறை முகத்தில் ஒரு கை அகலத்துக்குள் பாலையும் இருக்கும், சதுப்பும் இருக்கும். நோட்டில் பாறையைப் படமாக வரைந்து இவற்றைக் குறியுங்கள்: முகம் எந்தத் திசை பார்க்கிறது, மேற்கு வெயில் விழுகிறதா, கசிவுக் கோடு எங்கே (கருத்த பாசிக் கோடு காட்டிக்கொடுக்கும்), கிடைமட்ட வெடிப்பு எங்கே, புடவு எங்கே, மேலே மரநிழல் உண்டா. பிறகு அந்தப் படத்தின்மேல் முடவாட்டுக்கால் படர்ந்த இடங்களை நிழலடியுங்கள்.

நிழலடித்து முடித்ததும் ஒரு கேள்வி எழ வேண்டும். இவ்வளவு வெயில் தாங்கும் செடி, பாறை முழுக்க ஏன் இல்லை? ஏன் இங்கொரு திட்டு, அங்கொரு திட்டு?

காரணம் குழந்தைப் பருவத்தில் இருக்கிறது. பெரணியின் ஸ்போர் தூசியாகக் காற்றில் எங்கும் போகும். விழுந்த இடத்தில் நேரே பெரணியாக முளைக்காது. முதலில் நகத்தைவிடச் சிறிய, மெல்லிய பச்சைத் தகடு ஒன்று வளரும், புரோதாலஸ் என்பார்கள். ஆண், பெண் உறுப்புகள் அதில்தான் உண்டாகின்றன. ஆண் அணு பெண் அணுவிடம் நீந்தித்தான் போக வேண்டும். ஒரு படலம் அளவுக்காவது தண்ணீர் அங்கே நின்றால்தான் கரு உண்டாகும், புதுப் பெரணி எழும். வளர்ந்த செடி கோடையைத் தாங்கும். அந்தத் தகடு தாங்காது. ஆகவே ஒரு பாறையில் பெரிய செடி இருப்பது, அந்தப் பாறை இன்றைக்கும் குட்டி போடும் நிலையில் இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. எப்போதோ ஈரமாக இருந்த காலத்தில் பிடித்துக்கொண்டது, தண்டால் படர்ந்து படர்ந்தே பல்லாண்டு ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

அதனால் பெரிய திட்டுகளைப் பார்த்த பிறகு, கீழே எட்டும் உயரத்தில் கசிவோரம், பாசித் திட்டு, வெடிப்பு ஆகிய இடங்களில் லென்ஸ் வைத்துத் தேடுங்கள். இரண்டு மூன்று சின்ன இலையோடு நிற்கும் இளம் செடி கிடைத்தால் கட்டாயம் குறியுங்கள். என் கணக்கில், பத்துப் பெரிய திட்டுகளின் படத்தைவிட ஒரு இளம் செடியின் படம் அதிகம் சொல்லும்.

5. எண்ணும் முறை

'எத்தனை செடி' என்று எழுதாதீர்கள். தண்டு கிளைத்து ஓடும் செடியில் ஒன்று எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. திட்டு என்று எண்ணுங்கள். ஒவ்வொரு திட்டுக்கும் தோராய நீள அகலம், தரையிலிருந்து உயரம், பாறையிலா மரத்திலா, ஸ்போர் புள்ளி உண்டா இல்லையா. கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தால் கூட வந்தவரைப் பாறையடியில் நிறுத்தி ஒரு படம் எடுங்கள், அவர் உயரம் அளவுகோலாகிவிடும்.

நின்று படமெடுத்த இடத்தையும் குறிக்க வேண்டும். அடுத்த வருடம் அதே இடத்தில், அதே கோணத்தில் எடுத்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும். பெயர்ந்து போகாத ஒன்றை, படிக்கட்டின் வளைவையோ ஒரு கல்வெட்டையோ, ஓரத்தில் வைத்து எடுங்கள்.

6. வெட்டைத் தேடுவது

இப்போது எட்டும் உயரத்தையும் எட்டாத உயரத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். ஆள் ஏறக்கூடிய உயரம் வரை பாறை மொட்டையாக இருந்து, அதற்கு மேல் மட்டும் பெரணி அடர்ந்திருந்தால் காரணம் இயற்கை அல்ல. பாறையில் வேர் பற்றியிருந்த வரித்தடம், பிய்ந்த கூட்டிலை, தண்டின் வெட்டு முனை இவை தடயங்கள். புது வெட்டு உள்ளே வெளிறித் தெரியும், பழசு கருத்துப்போயிருக்கும்.

தண்டை எடுப்பது இலையைப் பறிப்பது மாதிரி அல்ல. தண்டோடு நுனி போகிறது, கூட்டிலை போகிறது, அதில் சேர்ந்த மக்கு முழுக்கக் கீழே கொட்டுகிறது. அந்த மக்கில் ஒண்டியிருந்த மற்றச் சிறு செடிகளும் போகின்றன. வெறும் பாறை மறுபடி வெறும் பாறையிலிருந்தே தொடங்க வேண்டும்.

வெட்டு மட்டுமே காரணம் என்றும் முடிவு கட்ட வேண்டாம். கோடையில் சருகோடு நிற்கும் கூட்டிலைகளுக்குத் தீ எளிதில் பிடிக்கும். சாலை அகலமாகும்போது பாறை முகமே போய்விடும். மேலே நின்ற பழைய மரத்தை வெட்டினால் நிழலும் சருகும் சேர்ந்து நின்றுவிடும். எதைப் பார்த்தீர்களோ அதை மட்டும் எழுதுங்கள்.

விற்பவர்களிடம் பேசுங்கள், ஆனால் குற்றம் சாட்டும் குரலில் வேண்டாம். மலையில் அவர்களுக்குக் கிடைக்கும் சில்லறை வருமானங்களில் இது ஒன்று. "ஏனுங்க அக்கா, இது மரத்துல எடுத்ததுங்களா, பாறையிலயா? முன்னெல்லாம் கிட்டத்துலயே கிடைக்குமுங்களா?" என்று கேட்டால் போதும். முன்பைவிட எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் வாயிலிருந்தே வரும். எந்த அளவீடும் தராத தகவல் அது. தேதி போட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள்; பெயர் வேண்டாம். மூட்டுவலிக்கும் 4448 வியாதிக்கும் இது மருந்து என்ற பேச்சும் கூடவே வரும். அதை வேறொரு நாள் வேறொருவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

7. பட்டியலை வாசிப்பது

வீட்டுக்கு வந்தபின் செய்வது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐயூசிஎன் 1964 முதல் சிவப்புப் பட்டியலை நடத்திவருகிறது. அதன் வகைகளைத் தமிழில் இப்படிச் சொல்கிறார்கள்: மதிப்பிடப்படாதது, தரவு போதாதது, தீவாய்ப்புக் கவலை குறைந்தது, அச்சுறு நிலையை அண்மித்தது, அழிவாய்ப்பு இனம், அருகிய இனம், மிக அருகிய இனம், இயலிடத்தில் அற்றுப்போனது, முற்றாக அற்றுப்போனது. முதல் இரண்டையும் 'ஆபத்தில்லை' என்று வாசிப்பதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. மதிப்பிடப்படாதது என்றால் யாரும் இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பெரணிகளில் இப்படி நிற்பவை ஏராளம்.

எந்த அடிப்படையில் ஒரு இனம் ஆபத்து வகைக்குள் போகிறது? 2 வழிகளைத் தெரிந்துகொண்டால் இப்போதைக்குப் போதும். ஒன்று, குறையும் வேகம்: 10 ஆண்டுகள் அல்லது 3 தலைமுறை, இதில் எது நீளமோ அதற்குள் எண்ணிக்கை 30 விழுக்காடு குறைந்தால் அழிவாய்ப்பு, 50 என்றால் அருகியது, 80 என்றால் மிக அருகியது. மற்றது பரப்பு: பரவியிருக்கும் எல்லை 20,000 சதுர கிலோமீட்டருக்குக் கீழே போனால் அழிவாய்ப்பு, 5,000-க்குக் கீழே அருகியது, 100-க்குக் கீழே மிக அருகியது. பரப்பு சிறியது என்பது மட்டும் போதாது. துண்டுபட்டிருப்பது, தொடர்ந்து குறைவது போன்ற நிபந்தனைகளும் சேர வேண்டும்.

முடவாட்டுக்காலை இதில் வைத்துப் பாருங்கள். இலங்கை, இந்தியாவில் தொடங்கித் தென்கிழக்காசியா முழுக்க, வட ஆஸ்திரேலியா வரை பரவிய செடி. உலகக் கணக்கில் இது ஆபத்து வகைக்குள் வர வாய்ப்பே குறைவு. கொல்லிமலையில் எட்டும் உயரத்துப் பாறை அத்தனையும் மொட்டையானாலும் அந்தக் கணக்கு அசையாது. பட்டியல் பொய் சொல்வதில்லை. உங்கள் மலையைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை.

இதே கதை பிரிட்டனில் நடந்து முடிந்திருக்கிறது. வுட்ஸியா இல்வென்சிஸ் என்ற சின்னப் பாறைப் பெரணி ஸ்காண்டிநேவியாவிலும் கனடாவிலும் சாதாரணம். 19-ம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனில் பெரணி வளர்க்கும் பைத்தியம் பிடித்தது. வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டிக்காக மலைகளில் பெரணியைப் பெயர்த்தெடுத்தார்கள். ஸ்காட்லாந்தின் மொஃபட் மலைகளில் கூட்டங்கூட்டமாக இருந்த வுட்ஸியா சில பத்தாண்டுகளில் சிதறிய சில கொத்துகளாகிவிட்டது. எடுப்பவர்கள் போய் நூறாண்டு கழிந்தும் தானாக மீளவில்லை. 1981-ன் வனவுயிர்ச் சட்டத்தில் அதைப் பாதுகாக்கப்பட்ட தாவரமாகச் சேர்த்தார்கள். பிறகு எடின்பரோ அரசத் தாவரவியல் பூங்காவில் ஸ்போரிலிருந்து வளர்த்துப் பாறைகளில் திரும்ப நட வேண்டியிருந்தது. உலகில் தாராளமாக இருக்கும் இனம்தான். அந்த நாட்டில் மட்டும் விளிம்புக்குப் போனது.

நம் நாட்டுச் சட்டம் பெரணியைப் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. 1972-ன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் பிற்பாடு சேர்த்த தாவரப் பட்டியலில் நெடுங்காலம் 6 பெயர்கள்தான். சைக்கஸ் என்னும் ஈந்து, ஆர்க்கிடு, குடுவைச் செடி என்று போகும் அதில் ஒரு பெரணிகூட இல்லை. ஆகவே முடவாட்டுக்காலுக்கு இன்று கிடைக்கும் காவல் பெரும்பாலும் அது நிற்கும் இடத்தின் காவல்தான். காப்புக்காட்டுப் பாறையில் இருந்தால் ஒரு நிலை, பட்டா நிலத்துப் பலாமரத்தில் இருந்தால் இன்னொரு நிலை. இதையும் உங்கள் குறிப்பில் ஒரு வரியாகச் சேருங்கள்.

8. சூப்பும் தோட்டமும்

வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வாங்கினால் ஒரு துண்டை அடுப்புக்குப் போகவிடாமல் வளர்த்துப் பாருங்கள். வெளிர் மயிரோடு நுனி உயிராக இருக்கும் துண்டாகக் கேட்டு எடுங்கள். நுனி ஒடிந்ததில் துளிர் வருவது உறுதியில்லை. மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். சொரசொரப்பான கல்லிலோ மரத்துண்டிலோ தேங்காய் நாரை வைத்து, அதன்மேல் தண்டைக் கிடத்திச் சணலால் கட்டுங்கள். நிழலும் கொஞ்சம் காலை வெயிலும் படும் இடம், இரண்டு நாளைக்கு ஒரு தெளிப்பு. முதலில் வேர், பிறகு கூட்டிலை. அதில் காய்ந்த சருகைப் போடுவதுதான் உரம். சமவெளியிலும் வரும், சென்னை மொட்டை மாடியின் நிழல் மூலையிலும் வரும். மெதுவாகத்தான் வரும், ஒரு குவளை சூப்புக்கான தண்டு வளர எவ்வளவு காலமாகிறது என்று அப்போது தெரியும்.

9. பதிவை எங்கே கொடுப்பது

படங்களை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றலாம். முழுச் செடி, கூட்டிலை, பச்சை இலையின் அடிப்பக்கம், பாறையின் தோற்றம் என நான்கு படம் இருந்தால் அடையாளத்தில் யாருக்கும் சந்தேகம் வராது. ஏற்றும்போது இடத்தை மறைக்கும் வசதியை மறக்காமல் இயக்குங்கள். விலை போகும் செடியின் துல்லிய இடத்தை ஊரறியப் போடுவது, அதை எடுக்க வருபவருக்கு வழி சொல்வதுதான். வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பும் படத்தோடும் இடக் குறிப்பு போய்விடும்.

அடையாளம் பிடிபடாத பெரணி கிடைத்தால் பறிக்காமல் படத்தோடு கேளுங்கள். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது, திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரக் கூடம் இருக்கிறது. இரண்டும் தமிழகத் தாவரங்களுக்குப் பெயர்பெற்ற சேகரங்கள்.

பாறை வரைபடமும் திட்டுக் கணக்கும் வேறு இடத்துக்குப் போக வேண்டும். பல்லுயிர்ச் சட்டம், 2002-ன்படி உள்ளாட்சிகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். பல ஊர்களில் அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள், 'முடவாட்டுக்கால்' என்று பதிவு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், தேதியோடும் படத்தோடும் உங்கள் தாளின் நகல் ஒன்றைக் குழுவிடம் எழுத்தாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.